இரண்டு முறை திருப்பிய படம்

ஏப்ரல் 29, திங்கள்

முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். போன தடவை அவர் தேநீர் கொடுத்த அன்றுதான் எங்கள் ஆய்வகத்தில் பாதியைத் தடுப்பு வைத்துக் கணினித் துறைக்குக் கொடுத்தார்.

“வாணி, ஒளிச்சு என்ன ஆகுது. இந்த வருசமும் எலக்ட்ரானிக்ஸ்ல புள்ளைக சேரலீன்னா துறைய மூடிடறதுன்னு நிர்வாகத்துல முடிவு பண்ணீட்டாங்க.”

“நானுங்க மேடம்?”

“உங்கள வெளிய உட்ருவனா? ஆபீஸ் மேனேஜ்மென்ட் புள்ளைகளுக்கு எக்செல் எடுங்க.”

எக்செல்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் கோவையில் பெண்களுக்கான இந்தப் பாலிடெக்னிக்கில் இருபது வருடத்துக்கு மேலாக மின்னணுவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இப்போது துறை என்றால் நான், ஒரு பழைய அலைக்காட்டி (ஆசிலோஸ்கோப்), அதன் பின்னால் குடியிருக்கும் ஒரு பல்லி.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த பெண்களுக்குக் கோடை முகாம் வைக்கிறேன் என்றேன். ஆளுக்கொரு சின்ன வானொலி. பாகங்களை ஈயத்தால் பற்றவைக்க இங்கே பழக்கிவிடுவேன். வானொலியை அவரவர் வீட்டில் செய்யட்டும். மே 26 ஞாயிறு, பெற்றோரோடு வந்து பாட வைக்கட்டும்.

“வீட்லயா? லேப்லயே பண்ணா என்ன?”

“வீட்ல பண்ணாத்தானுங்க மேடம் அப்பா அம்மா கண்ணுல படும். சேக்கறதா வேண்டாமான்னு அவங்கதான முடிவு பண்றாங்க.”

தேநீரைக் குடித்து முடித்தேன். இஞ்சி அதிகம்.

மே 2, வியாழன்

பெண்கள் வந்தார்கள், எதிர்பார்த்ததைவிட அதிகமாக. பாதிப் பேர் வெயிலுக்குப் பயந்து மின்விசிறிக்காக வந்தவர்கள் என்று நினைக்கிறேன். பரவாயில்லை.

மின்சுற்றைத் தாளில் வரைந்து, ஜன்னல் வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டேன். ஓர் அப்பா கும்பிட்டார். இன்னொருவர் கட்டைவிரலை உயர்த்தினார். ஓர் அம்மா ரோஜாப்பூ அனுப்பினார். ரிஸ்வானா மட்டும் கூப்பிட்டாள். மெலிந்த, வாய் ஓயாத பெண்.

“மேடம், நடுவுல ரெண்டு கோடு வெட்டிக்குதுங்களே, அது ரெண்டும் ஒட்டுதுங்களா, சும்மா தாண்டிப் போகுதுங்களா?”

“புள்ளி இருக்கா பாரு. புள்ளி இருந்தா ஒட்டுது.”

“புள்ளி மாதிரியும் இருக்குதுங்க. அழுக்கு மாதிரியும் இருக்குதுங்க.”

என் கைப்பேசியில் பார்த்தால் புள்ளி தெளிவாக இருக்கிறது. அவள் அத்தாவின் (அப்பாவை அப்படித்தான் சொல்கிறாள்) கைப்பேசிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அழுக்காகிவிட்டது.

மே 4, சனி

புள்ளியைத் தின்றது எது என்று உட்கார்ந்து பார்த்தேன். ஜேபெக் என்ற வடிவம் முகங்களுக்கும் மரங்களுக்கும் ஆனது. கோப்பைச் சின்னதாக்குவதற்காக, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று அது நினைக்கும் சங்கதிகளை விட்டுவிடுகிறது. கல்யாணப் படத்தில் ஒரு புள்ளி போனால் யாருக்கும் தெரியாது. மின்சுற்றில் போனால் வானொலி பாடாது. ஒவ்வொரு தடவை வேறொருவருக்குத் தள்ளிவிடும்போதும் இன்னும் கொஞ்சம் தேய்கிறது.

பிஎன்ஜி அப்படியில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருக்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது.

அடைக்கு ஊறப்போட மறந்துவிட்டேன். இரவு தயிர்சாதம்.

மே 6, திங்கள்

கையால் வரைவதை நிறுத்தினேன். மூன்று மென்பொருள்களைப் பார்த்தேன். ஒன்று பணம் கேட்டது. ஒன்றுக்கு எப்போதும் இணையம் வேண்டும். எங்கள் கல்லூரி இணையத்தை நம்பி ஒரு ரெசிஸ்டரைக்கூட வரைய முடியாது. கடைசியில் கிகேட். இலவசம், என் கணினியிலேயே இருக்கும், மின்சுற்றையும் அதற்கான செம்புப் பலகையையும் சேர்த்தே வரையலாம். காலை முழுக்க ஒரு மின்தேக்கியை நிமிர்த்தி வைக்கத் தெரியாமல் விழித்தேன். மத்தியானத்துக்குமேல் கை வந்துவிட்டது. சாயங்காலம் எழுந்திருக்கவே மனமில்லை.

படத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் வருகிறது. வரைந்தவர், சரிபார்த்தவர், தேதி. இரண்டு இடத்திலும் கோகிலவாணி என்று போட்டேன். வருடக்கணக்காக அப்படித்தான் போடுகிறேன். வேறு யார் இருக்கிறார்கள், பல்லியா?

மே 8, புதன்

இன்றைய பரிசோதனை: ஒரே படத்தை மூன்று வடிவத்தில் குழுவுக்கு அனுப்பினேன்.

எஸ்விஜி: எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத அழகான வடிவம். முக்கால்வாசிக் கைப்பேசிகளில் திறக்கவே இல்லை. ஓர் அப்பா, “மேடம் இது வைரஸா?” என்று கேட்டிருந்தார்.

பிடிஎஃப்: திறந்தது. ஆனால் தமிழ் எழுத்துகள் சிதறிவிட்டன. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் காலிக் கட்டங்கள். மின்தேக்கி என்று எழுதியதை ரிஸ்வானா எனக்கு வாசித்துக் காட்டினாள். இருவரும் ரொம்ப நேரம் சிரித்தோம்.

பிஎன்ஜி: படமாக அனுப்பினால் மறுபடி அழுக்கு. ஆவணமாக இணைத்து அனுப்பினால் புள்ளி புள்ளியாகவே போய்ச் சேருகிறது.

ஆகவே முடிவு: பிஎன்ஜி, ஆவணமாக. எழுத்துத் தொல்லையே வேண்டாம் என்று எழுத்துகளை எடுத்துவிட்டு எண்களைப் போட்டேன். செம்புப் பலகைக்கான படத்தில் எண்ணும் வேண்டாம், வெறும் கோடு. சுத்தமாக இருக்கிறது.

மே 10, வெள்ளி

பலகை செய்துதர ஆள் தேடி, ஊருக்குள்ளேயே கணபதிப் பக்கம் போனேன். மோட்டார் ரீவைண்டிங் கடைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டறை. உரிமையாளர் ஜெபராஜ், தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயதிருக்கும். விரல்களில் பழுப்புக் கறை. செம்பைக் கரைக்கிற திரவத்தின் கறை அது, போகாது.

“உக்காருங்க மேடம். அந்தச் சேர் வேண்டாம், அதுல கரைசல் சிந்திக் கெடக்கு. சேலை ஓட்டையாயிரும். இதுல உக்காருங்க.”

படத்தைத் தாளில் அச்சிட்டு, செம்புத் தகட்டின்மேல் குப்புற வைத்துச் சூடாக அழுத்துகிறார். மை செம்பில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கரைசலில் போட்டால், மை மூடாத செம்பெல்லாம் கரைந்து, கோடுகள் மட்டும் மிஞ்சுகின்றன. ஒரு பலகையைக் கண்முன்னே செய்து காட்டினார். காட்ட வேண்டிய தேவை இல்லைதான்.

“படத்த எப்படித் தருவீக?”

“பிஎன்ஜிங்க.”

“மூலக் கோப்பையே தந்துருங்களேன். எனக்கு லேசா இருக்கும்.”

“இல்லீங்க சார். படமாவே தர்றேன்.”

“ஏம் மேடம், நான் எதையும் நோண்டிருவேன்னா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

அதுதான். படமாகக் கொடுத்தால் பார்க்கலாம், அச்சடிக்கலாம், அவ்வளவுதான். மூலக் கோப்பைக் கொடுத்தால் எந்தக் கோட்டையும் யாரும் இழுத்து நகர்த்தலாம். நான் முடிந்த வேலையைத்தான் வெளியே அனுப்புவேன். அவர் தன் மனைவியிடமிருந்து பிரிந்து பத்து வருடத்துக்குமேல் ஆகிறதாம். பேச்சுவாக்கில் சொன்னார். இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

மே 13, திங்கள்

எரிவாயு சிலிண்டர் வந்தது. தண்ணீர் வரவில்லை. ரிஸ்வானா பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். அவள் அத்தா நர்சிங்கில் சேர்க்கலாம் என்கிறாராம். “ரேடியோ பாடட்டும் பாக்கலாம்னு சொல்லீட்டாங்க மேடம்” என்றாள்.

அப்படியானால் பாடித்தான் ஆக வேண்டும்.

மே 15, புதன்

பலகைப் படம் முடிந்தது. ஒரு யோசனை: அவர் குப்புற வைத்து அழுத்துகிறார் அல்லவா? ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி இடம் வலம் மாறிவிடுமே. அதனால் நானே படத்தை இடவலமாகத் திருப்பி வைத்தேன். அவருக்கு ஒரு வேலை மிச்சம். சொல்லவில்லை. சொன்னால், அவர் வேலையை அவருக்கே கற்றுக்கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

பென் டிரைவில் போட்டுக் கணபதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்துக் கடையிலிருந்து எலுமிச்சைச் சாறு வாங்கித் தந்தார். உப்பா சர்க்கரையா என்று கேட்டார். இரண்டும் என்றேன். “நமக்கும் அதாம்” என்றார்.

சாயங்காலம் சென்னையிலிருந்து நறுமுகை கூப்பிட்டாள். அப்பா இல்லாத வீட்டில் வளர்ந்த என் மகள், கல்லூரிக்குப் போய் ஒரு வருடத்தில் போலீஸ் மாதிரி விசாரிக்கப் பழகிவிட்டாள்.

“கணபதிக்கு எதுக்கும்மா போன?”

“படம் குடுக்க.”

“மெயில்ல அனுப்பலாம்ல?”

“பென் டிரைவ்ல குடுத்தாத் தரம் குறையாதுடி.”

“மெயில்லயும் குறையாதும்மா. நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த?”

பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை.

மே 19, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. மின்சாரம் போய்ப் போய் வருகிறது. பலகை தள்ளிப்போகும் என்று ஜெபராஜ் சொன்னார். அதைச் சொல்லக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டார்.

மே 21, செவ்வாய்

பலகைகள் வந்தன. மழையில் அவரே கல்லூரிக்குக் கொண்டுவந்தார். பலகைகள் பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்து இருந்தன, அவர் சொட்டச் சொட்ட நின்றார்.

“ஆள் அனுப்பியிருக்கலாமேங்க?”

“ஆளு லீவு. அதோட, எனக்கும் இந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சு.”

என்ன சோலி என்று நான் கேட்கவில்லை. ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்தார். அலைக்காட்டியைத் தட்டிக்கொடுத்தார். பல்லியை அறிமுகம் செய்துவைத்தேன்.

பலகைகள் அழகாக இருக்கின்றன. கோடுகளின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மை. வழக்கமாக, புதுப்பலகையில் ஒன்றை நானே கட்டிப் பார்த்த பிறகுதான் மாணவிகளிடம் கொடுப்பேன். போன வாரம் ஆய்வகத்தில் தனிக் கம்பிகளால் இதே சுற்றைக் கட்டி, அது பாடியும் விட்டது. இந்தப் பலகையைச் சோதிக்க இன்று நேரமும் இல்லை. அவர் எதிரில் நிற்கும்போது சோதித்தால், அவரைச் சோதிப்பதுபோல் இருந்திருக்கும்.

மே 22, புதன்

எல்லாருக்கும் பலகை, பாகங்கள், ஒற்றை பேட்டரி, காதொலிப்பான் கொடுத்தாயிற்று. படம் குழுவில், ஆவணமாக. ஒருவரும் வைரஸ் என்று சொல்லவில்லை.

மே 23, வியாழன்

மத்தியானம் ரிஸ்வானா வந்தாள், அம்மாவுடன். நேற்றே எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டாளாம். பெருநாளுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை என்றார் அவள் அம்மா.

“பாடலீங்க மேடம். இரையக்கூட இல்லீங்க. நான்தான் எதையோ கெடுத்துப்போட்டேன்.” கண் கலங்கியிருந்தது.

“இவங்க அத்தா ஒண்ணுஞ் சொல்லலீங்க மேடம்” என்றார் அம்மா. “சொல்லாமத் துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போனாங்க. அதான் இவளுக்குத் தாங்கல.”

பற்றவைப்பு ஒவ்வொன்றும் பளபளவென்று இருந்தது. எல்லாப் பாகமும் படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. எட்டுக் கால் ஐசி சில்லு சரியான பக்கம் பார்த்து நின்றது. பிறகு பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பின்னால் ஓடும் செம்புக்கோடுகள் நிழலாகத் தெரிந்தன. தாளில் அச்சிட்ட படத்தை அதன்மேல் வைத்தேன்.

பொருந்தவில்லை. தாளைப் புரட்டி வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

துளைகள் இரு பக்கமும் ஒரே கணக்கில் இருந்ததால் பாகங்கள் மட்டும் உட்கார்ந்துவிட்டன. எல்லாப் பலகையும் இடவலம் மாறியவை. எல்லாமே.

“நீ ஒண்ணும் கெடுக்கல கண்ணு. படம் கெட்டுப்போச்சு” என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் எனக்குச் சிரிக்க வரவில்லை. பெற்றோர் குழுவில் “இன்று யாரும் பற்றவைக்க வேண்டாம்” என்று எழுதிவிட்டுக் ஜெபராஜைக் கூப்பிட்டேன்.

“சார், படத்தத் திருப்புனீங்களா?”

“பின்ன? குப்புறப் போடும்போது மாறுமில்லா. எல்லாரு படத்தையும் நாந்தாம் திருப்பிப் போடுவேன். முப்பது வருசப் பழக்கம்.”

“நானும் திருப்பிக் குடுத்தனுங்க.”

பட்டறையில் ஏதோ ஒன்று இறக்கிவைக்கப்படும் சத்தம் கேட்டது.

“ஏன் மேடம் சொல்லல?”

“நீங்க ஏன் கேக்கல?”

“உங்க படத்துல என்னத்தக் கேக்கது? அது சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன். ஒரே ஒரு எழுத்து இருந்திருந்தாப் போதும், கண்ணாடில பாத்த மாதிரித் தெரிஞ்சிருக்கும். வெறுங்கோட்ட வச்சு எது முன்ன, எது பின்னன்னு யாரு கண்டா?”

எழுத்துகளை எடுத்தது நான். மூலக் கோப்பைக் கேட்டபோது கொடுத்திருந்தால், திறந்த நொடியில் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். கொடுக்காததும் நான். அவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று நான் திருப்பினேன். எனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று அவர் திருப்பினார். இரண்டு உபகாரமும் ஒன்றையொன்று ஒழித்துவிட்டன.

“ராத்திரியோட ராத்திரியாப் புதுசு அடிச்சுத் தாரேன்” என்றார். தகடு இல்லை, மழையில் லாரி வரவில்லை என்று அவரே அடுத்த வாக்கியத்தில் சொன்னார். பிறகு, “வாணி, பயப்படாதீங்க, நான் வாரேன்” என்றார்.

அவசரத்தில் பெயர் வந்துவிட்டது போலிருக்கிறது.

மே 24, வெள்ளி

காலையில் ஆய்வகம் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார், கையில் இட்லிப் பொட்டலத்தோடு. ரிஸ்வானாவையும் வரச் சொல்லியிருந்தேன். மூவரும் அந்தப் பலகையை நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். எப்படிப் பார்த்தாலும் அது தப்பான பலகையாகவே இருந்தது.

“பாகத்தையெல்லாம் மாத்தி மாத்தி வைக்கலாங்களா மேடம்?” என்றாள் ரிஸ்வானா.

“ஐசியோட கால மாத்த முடியாதே.”

சட்னி தொட்ட கையோடு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாகங்கள் எப்போதும் மொட்டைப் பக்கத்தில் உட்காரும், கால்கள் துளை வழியே இறங்கிச் செம்புப் பக்கத்தில் பற்றவைக்கப்படும். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஆனால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று செம்பு ஒன்றும் சொல்லவில்லையே. பலகை இடவலம் மாறியிருக்கிறது. பலகையையே திருப்பிப் போட்டால், மாறினது மறுபடி மாறிவிடும். பாகங்களைச் செம்புப் பக்கத்திலேயே உட்கார வைத்தால்?

சொன்னேன். ஜெபராஜ் இட்லியை வைத்துவிட்டார்.

“ஏ யம்மா! மூணாவது திருப்பு!”

ரிஸ்வானா எல்லாவற்றையும் கழற்றினாள். செம்பு மேலே பார்க்கப் பலகையை வைத்து, பாகங்களைக் கொஞ்சம் தூக்கினாற்போல நிறுத்தி, அடியில் சால்டரிங் இரும்பை நுழைத்துப் பற்றவைத்தாள். இது கஷ்டமான வேலை. நான் கைநீட்டியபோது, “நானே பண்றனுங்க” என்றாள். பேட்டரியைப் போட்டாள். காதில் வைத்தாள். கண் பெரிதாகியது.

“யாரோ அரளிப்பூ வெல சொல்றாங்க மேடம்!”

மூவரும் மாற்றி மாற்றி அரளிப்பூ விலை கேட்டோம். நான் எதற்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. மற்ற பெண்களுக்குப் புதுப்படம் போக வேண்டும். பழைய படத்தில் ஒரு பாகமும் இடம் மாறவில்லை. ஆனால் செம்பு மேலே என்று யார் பார்த்தாலும் தெரிய வேண்டும். செம்புக்கோடுகளை ஆரஞ்சு நிறத்தில் போட்டேன். பாகங்களின் கால் எவ்வளவு தூக்கி நிற்க வேண்டும் என்று பக்கவாட்டுப் படம் ஒன்று.

“அந்தக் கோடு ஐசிக்கு ரொம்பக் கிட்டக்க இருக்கு. பிள்ளைங்க இரும்ப வைக்கும்போது ஒட்டிரும். அதச் சுட்டிக் காட்டணும்” என்றார் ஜெபராஜ்.

“எங்கீங்க?”

“அந்தா... இல்ல, அதுக்குக் கீழ... இல்ல மேடம், அது இல்ல...”

சுட்டியை அவர் கையில் கொடுத்தேன். நாற்காலியையும் நகர்த்திக்கொண்டேன். பழுப்பு விரல்களால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கொஞ்சம் கோணல். நான் திருத்தவில்லை.

எழுத்தும் வேண்டும் என்றேன். எழுத்தைக் கோடாகவே மாற்றிவிடும் வழி மென்பொருளிலேயே இருக்கிறது. அன்றைக்குத் தேடாமல் எழுத்தையே தூக்கிப்போட்டிருந்தேன். இப்போது கொம்பு கொம்பின் இடத்திலேயே நிற்கிறது. செம்புப் பக்கத்து மூலையில் ஒரு கட்டம் வைத்தோம்: “இங்கே உங்கள் பெயரின் முதல் எழுத்தை மார்க்கரில் எழுதுங்கள். அது உங்களைப் பார்த்திருக்கும்படி வைத்துப் பற்றவையுங்கள்.”

மூன்று மணிக்குக் குழுவில் அனுப்பினேன். பிஎன்ஜி, ஆவணமாக. எழுத்து சிதறவில்லை, புள்ளி கரையவில்லை. ஏற்கெனவே பற்றவைத்த இரண்டு மூன்று பெண்கள் கழற்ற உதவி கேட்டு வந்தார்கள். ரிஸ்வானா அவர்களுக்கு டீச்சர் ஆகிவிட்டாள். கண்டிப்பான டீச்சர்.

மே 25, சனி

நறுமுகை வந்துவிட்டாள். பையைக்கூட வைக்காமல், “யாரும்மா அந்த ஜெபராஜ் சார்?” என்றாள். போனில் அந்தப் பெயரை எத்தனை தடவை சொன்னேனோ. “பலகை செய்யறவர்” என்றேன். “ம்ம்” என்றாள். அந்த ம்ம் எனக்குப் பிடிக்கவில்லை.

மே 26, ஞாயிறு

பெண்கள் வந்தார்கள், பெற்றோர் வந்தார்கள், தம்பி தங்கைகள் வந்தார்கள். ஓர் அப்பா தன் எலக்ட்ரீசியனையும் கூட்டிவந்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஜெபராஜ் கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில். நறுமுகை தேடிப்போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று இதுவரை எனக்குத் தெரியாது.

காதொலிப்பானில் வரும் சத்தம் ஒருவர் காதுக்குத்தான் போதும். கூடத்துக்குக் கேட்க ஒரு வழி உண்டு: அதை எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுவிட்டால் டம்ளரே பேசும். ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மேசை முழுக்க டம்ளர்கள். பந்திக்கு உட்கார்ந்ததுபோல் இருந்தது.

எல்லாரும் பேட்டரியைப் போட்டார்கள். ஒரு கணம் ஒன்றுமில்லை. முதல்வர் என்னைப் பார்த்தார். நான் என் புடவைத் தலைப்பைப் பார்த்தேன்.

பிறகு ஒரு டம்ளரில் கரகரப்பு. பக்கத்து டம்ளரில் ஒரு குரல். அதற்கடுத்ததில் அதே குரல். வரிசையாக எல்லா டம்ளரும் ஒரே சமயத்தில் கொப்பரைத் தேங்காய் விலை சொல்லத் தொடங்கின. பாட்டு வரும் நேரமென்று பார்த்துத்தான் வைத்திருந்தேன். நிலையத்தார் என்ன நினைத்தார்களோ, காங்கேயம் சந்தை, பெருந்துறை சந்தை என்று போய்க்கொண்டே இருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பெற்றோர் எழுந்து வந்து, அவரவர் மகளின் டம்ளர்மேல் குனிந்து, தேங்காய் விலையைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டார்கள்.

ஓரிரண்டு டம்ளர்கள் பேசவில்லை. அங்கே ரிஸ்வானா இரும்போடு ஓடினாள்.

அவள் அத்தா மட்டும் குனியவில்லை. பலகையைக் கையில் எடுத்து, மூலையில் எழுதியிருந்த ‘ரி’ என்ற எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இத முழுக்க இவளே பண்ணாளுங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டு தடவ பண்ணாளுங்க. மொதத் தடவ தப்பு எங்க மேலதான்.”

துண்டை உதறித் தோளில் போட்டார். வீட்டிலும் இப்படித்தான் போட்டுக்கொண்டு போனாராம். நேராக முதல்வரிடம் போனார். “இந்தப் படிப்புக்கு எங்கீங்க எழுதிக் குடுக்கணும்?” என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் நின்றார்கள். எலக்ட்ரீசியனை அழைத்துவந்தவரும் அதில் உண்டு.

கூட்டம் கலைந்த பிறகு முதல்வர் வந்தார். “துறை இருக்குது வாணி. எக்செல்லுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன். சரி, இந்தத் தேங்கா வெலயை நீங்கதான் ஏற்பாடு பண்ணீங்களா?”

மே 29, புதன்

சேர்க்கை நடக்கிறது. கணினித் துறையின் தடுப்பை அவர்கள் பக்கமாக ஓர் அடி தள்ளிவைத்திருக்கிறார்கள். பல்லி கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

புது மாணவிகளுக்கு அடுத்த சுற்று யோசித்தேன்: தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கூவும் கருவி. வரைந்தேன். ஓரத்துக் கட்டத்தில் ‘வரைந்தவர்: கோகிலவாணி’ என்று அடித்தேன். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நறுமுகை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“பேர் அடிக்கத் தெரியலையாம்மா? ஜெ, ப, ரா...”

“போய்க் குளிடி.”

அவள் போன பிறகு அடித்தேன்.

பிஎன்ஜியாக மாற்றும் பொத்தான் வரைக்கும் போனேன். பிறகு அதை விட்டுவிட்டு, மூலக் கோப்பையே எடுத்தேன். எல்லா அடுக்கும், எல்லாக் கோடும், நான் பாதியில் யோசித்து விட்ட இடங்களும் அதிலேயே இருக்கின்றன. எதை வேண்டுமானாலும் அவர் இழுத்து நகர்த்தலாம். கோணலாக வட்டம் போடலாம்.

சரி.

மே 30, வியாழன்

மூலக் கோப்பு சின்னதுதான். மெயிலில் ஒரு நொடியில் போயிருக்கும், தரமும் குறையாது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு கணபதிக்குப் போனேன்.

“இதுல என்ன இருக்கு?” என்றார்.

“மூலக் கோப்புங்க.”

பென் டிரைவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “திருப்பணுமா?”

“கேட்டதுக்கு நன்றி” என்றேன். “நான் ஒண்ணும் பண்ணல. நீங்களும் ஒண்ணும் பண்ணாதீங்க. ரெண்டு பேரும் சேந்து பாக்கலாம்.”

எலுமிச்சைச் சாறு வந்தது. உப்பா சர்க்கரையா என்று இந்த முறை அவர் கேட்கவில்லை.